பச்சைப் பெயின்டுக்கு அடியில் பதினாலு

முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டியவள் வெர்னா டெரியோ. பள்ளி நாள் ஒன்று விடாமல், காலை ஏழு பத்துக்கு வின்ஸ்லோ ஹாட்ச் வீட்டு வாசலில் வேகத்தைக் குறைத்து, ஹாரனை நீளமாக ஒரு அழுத்து அழுத்துவாள். அந்த வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. ஹாட்ச் பள்ளி நிர்வாகத்திடம் புகார் சொன்னார். "அங்க ரோடு வளையுது. எதிர்ல வர்றவனுக்குத் தெரிய வேண்டாமா? ஹாரன் அடிக்கணும்னு சட்டமே இருக்கு" என்றாள் வெர்னா. எந்தப் பள்ளி நிர்வாகம் சட்டத்தோடு சண்டைக்குப் போகும்?

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? அந்த ஹாரன் எதற்கென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கேலப் மலையில் பனிச்சறுக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், மலை ஹாட்சுடையது. சறுக்க வருகிறவர்களை உச்சிக்குத் தூக்கிப் போக ஒரே ஒரு சேர் லிஃப்ட். அதற்கு மெக்கானிக் வெர்னாவின் கணவன் ரேஜான். அளந்து பேசுகிறவன், பேசினால் பொய் பேசாதவன். 1979 பிப்ரவரியில், ஒரு நாற்காலியை இரும்பு வடத்தோடு பிடித்திருக்கும் கவ்வி நழுவிவிட்டது. நாற்காலி வடத்திலேயே கீழ்நோக்கிச் சறுக்கி, பின்னால் வந்த நாற்காலியில் போய் மோதியது. அதில் உட்கார்ந்திருந்த பக்கத்து ஊர் டீச்சர் மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

அந்தக் கவ்விகளுக்கு ஆயுசு இருபது வருஷம். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. விசாரணையில் ஹாட்ச் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட் புதுசா வாங்கினது. வயசு பதிமூணுதான் ஆகுது. கவ்விய ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா இடம் மாத்தி முடுக்கணும். மெக்கானிக் முடுக்கல. அவ்வளவுதான்."

ரேஜான் எழுந்து நின்றான். "முடுக்கினேன். இது புது லிஃப்ட் இல்ல. எங்கேர்ந்தோ கழட்டிக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கவ்வி மேலயும் நம்பர் கொத்தியிருக்கு. அதுல பதிமூணே கிடையாது. பன்னெண்டுக்கப்புறம் பதினாலு. நாற்காலில மாட்டியிருக்கிற நம்பர் தகடுதான் புதுசு."

நழுவின கவ்வியைக் கொண்டுவந்து பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். தகட்டில் ஒன்பது. கவ்வியிலும் ஒன்பது. பதிமூன்றுக்குக் கீழே எல்லாம் ஒத்துத்தான் போகும் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டதை யாரும் கேட்கவில்லை. "பதிமூணுன்னா பயமா ரேஜான்? நான் வருஷா வருஷம் முதல் நாள் அதுலதான்யா ஏறிப் போறேன்" என்றார் ஹாட்ச். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அது உண்மைதான். பதிமூன்றாம் நாற்காலி அவருடைய பெருமை. மற்ற மலைக்காரர்கள் அந்த எண்ணையே வைக்கப் பயப்படுவார்கள், நான் பயந்தாங்கொள்ளி இல்லை என்று சொல்லித் திரிவார்.

ரேஜானுக்கு அதற்குப்பின் எந்த மலையிலும் வேலை கிடைக்கவில்லை. டீச்சரைக் கொன்றவன் என்று அவன் காதுபடவே பேசினார்கள். பதிமூன்று வருஷம் அந்தப் பேரோடு விறகு பிளந்து விற்றுவிட்டு, மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

இப்போது என்னைப் பற்றி. என் பெயர் எர்ல் ஸ்டானர்ட். 1966 கோடையில் அந்த லிஃப்ட் முழுவதற்கும் பச்சைப் பெயின்ட் அடித்தவன் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பன்னிரண்டுக்கு அடுத்துப் பதினாலு கொத்தியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஹாட்சிடம் கேட்கவும் செய்தேன். "எண்ணத் தெரியாதவனுங்க கொத்தினது. நீ ரெண்டு பூச்சாப் பூசு" என்றார். பூசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் ஒரு முழு லிஃப்டையே பெயின்டில் மறைத்தோம். விசாரணை நடந்தபோது நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்டில் ஆட்களை ஏற்றிவிடுகிற வேலை எனக்கு. வீட்டில் இரண்டு பிள்ளைகள். இதற்கு மேல் சாக்குச் சொன்னால் எனக்கே குமட்டும்.

1985-இல் ஹாட்ச் மலையை மூடினார். சறுக்குப் பாதைகளில் பிர்ச் மரங்கள் முளைத்தன. லிஃப்ட் நின்ற இடத்திலேயே நின்றது. போன வருஷக் கணக்கெல்லாம் ஊர் மறந்தாலும், 2016-இல் லிஃப்ட் போட்டு ஐம்பதாவது வருஷம் வருகிறது என்று யாருக்கோ ஞாபகம் வந்துவிட்டது. பதிமூன்றாம் நாற்காலியைக் கவ்வியோடு கழற்றி ஊர்ப் புல்வெளியில் வைப்பது, ஹாட்ச் பெயரில் பித்தளைப் பலகை பதிப்பது என்று முடிவானது. பலகையில் வாசகம்: 'மாவட்டத்தின் முதல் புத்தம்புதிய சேர் லிஃப்ட்.'

அதைப் படித்த மறுநாள் வெர்னா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். முப்பத்தேழு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். கூடவே டெசா என்று ஒரு பெண். கைவிட்ட மலைகளாகத் தேடிப் போய், துருப்பிடித்து நிற்கிற லிஃப்ட் எந்த வருஷத்தது, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவள்.

"மேல போற பாதை மூடிக் கிடக்கு. உனக்குத்தான் வழி தெரியும். உன் மூஞ்சியப் பாக்கணும்னு ஆசப்பட்டு வரல" என்றாள் வெர்னா.

ஏறினோம். நாலாவது தூணருகில் டெசா அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். "தூணோட தலை, சக்கர வரிசை, எல்லாமே பழைய மாதிரி. இத 52-க்கப்புறம் யாருமே செய்யல. நியூ ஹாம்ப்ஷயர்ல டக்கர் மலைன்னு ஒண்ணு இருந்துச்சு, 64-ல மூடிட்டாங்க. அங்க இருந்த லிஃப்ட் 1950-ல போட்டது. அப்புறம் அது எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாம இருந்துச்சு." பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தாள். வரிசையாக நாற்காலிகள். பன்னிரண்டு, அடுத்தது பதினாலு.

விபத்து நடந்தபோது கவ்விக்கு வயது இருபத்தொன்பது.

வெர்னா அழுவாள் என்று நினைத்தேன். அவள் கீழே வழியில் கிடந்த ஒரு நாற்காலியின் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "எவனோ நல்லா கெட்டியா அடிச்சிருக்கான்ல, எர்ல்?" என்றாள்.

அக்டோபரில் விழா. இலையெல்லாம் சிவந்து, ஊரே புல்வெளியில் கூடி, ஆப்பிள் சாறும் டோனட்டுமாக இருந்தது. ஹாட்சைச் சக்கர நாற்காலியில் மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் கைதட்டலை வாங்கி முடிக்கிற வரை வெர்னா பொறுத்திருந்தாள். பிறகு பெயின்டைக் கரைத்தெடுக்கிற மருந்து டப்பாவும் ஒரு சுரண்டியுமாக நேரே பதிமூன்றாம் நாற்காலியிடம் போனாள்.

"வெர்னா, ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நல்ல நாளும் அதுவுமா, விட்டுடு" என்றார் ஹாட்ச்.

"எனக்கு ஆறல மிஸ்டர் ஹாட்ச். அடுப்ப அணைக்காமலே வச்சிருக்கேன்."

கவ்வியின் மேல் மருந்தை ஊற்றினாள். பச்சை நுரைத்துச் சுருண்டது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் சின்ன வயதில் அவள் பஸ்ஸில் போனவர்கள், அவள் திரும்பிப் பார்த்தால் இன்றைக்கும் வாயை மூடிக்கொள்வார்கள். சுரண்டி, துணியால் துடைத்துவிட்டு, ஹாட்ச் பக்கம் திரும்பினாள்.

"படிங்க."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா."

"முப்பத்தொரு வருஷம் காது நல்லாக் கேட்டுதில்ல, அது போதும்" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "எர்ல்! நீ வந்து படி."

போனேன். "பதினாலு" என்றேன்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"பதினாலு!"

"இதுமேல பச்சை பூசினது யாரு?"

"நான்."

"பூசச் சொன்னது?"

"அவர்தான். ரெண்டு பூச்சு."

"விசாரணை அன்னைக்கு எங்க உக்காந்திருந்த?"

"மூணாவது வரிசைல."

டெசா போட்டோவைக் கூட்டத்தில் கொடுத்தாள். அது கை மாறிக்கொண்டே போனது. இறந்துபோன டீச்சரின் தங்கை, எழுபது வயதுக்காரி, அதைப் பார்த்துவிட்டு நேராக ஹாட்ச் முன்னால் வந்து நின்றாள். அவர் போர்வையை இழுத்து மடியை மூடிக்கொண்டார். "வீட்டுக்குப் போலாம்" என்று மகளிடம் சொன்னார். அவர் போகும்போது ஒருவரும் வழி விலகவில்லை. மகள் புல்லில் சுற்றிக்கொண்டு தள்ளிப் போனாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். அவர் இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். சனிக்கிழமை சர்ச் விருந்தில் அவர் மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. திங்கள் தோறும் ஏழு பத்துக்கு வெர்னா தன் சொந்த வண்டியில் போய் ஹாரன் அடித்தாள்.

பலகையை மாற்ற வேண்டும் என்று மார்ச் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்தார்கள். வாசகம் எழுதும் பொறுப்பு வெர்னாவுக்கு. 'பதினாலாம் நாற்காலி. செய்தது 1950. உண்மையைச் சொன்னவர், மெக்கானிக் ரேஜான் டெரியோ. புதியது என்று பொய் சொன்னவர், வின்ஸ்லோ ஹாட்ச். பெயின்ட் பூசிவிட்டுச் சும்மா இருந்தவர், எர்ல் ஸ்டானர்ட்.'

"என் பேரு வேணுமா வெர்னா? நான்தான் ஊரு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிட்டேனே" என்று கேட்டேன்.

"உம்மேல எனக்கு நன்றிகூட உண்டு எர்ல். நீ அவ்வளவு கெட்டியாப் பூசலேன்னா அந்த நம்பரத் துரு தின்னிருக்கும்." சிரிக்காமல் சொன்னாள். "இனிமே துரு ஏறாமப் பாத்துக்கறதும் உன் பொறுப்பு."

அதனால் வருஷா வருஷம் ஏப்ரலில் பனி கரைந்ததும் எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போகிறேன். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, குனிந்தால் நிமிர நேரமாகிறது. அவள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் துடைத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

"முடிஞ்சுதா? இப்பப் படி" என்பாள்.

"பதினாலு" என்பேன்.

"கேக்கல" என்பாள்.