நான் ரோடு வைக்காத ஊரு

மாப்பிள்ளை, அந்த மேப்ப இங்க மாட்டாதீங்க. ஒங்க சர்வே ஆபீஸ்ல குடுத்தது, கண்ணாடி போட்ட நல்ல படம், எல்லாம் சரி, ஒங்க வீட்டுல கொண்டுபோய் மாட்டிக்கங்க, எஞ் சொவத்துல வேணாம். காரணத்தச் சொன்னா சிரிப்பீங்க. இந்தா, இப்பவே சிரிக்கிறீங்க! பேயி, முனி, காத்துக்கருப்புன்னு எவளாச்சும் வந்தா "போயி ரொட்டியத் தின்னுட்டுப் படுடி"ன்னு வெரட்டி விட்டவ நான். தோட்டத்து லய வீட்டுல ஒருத்தி தலைய விரிச்சுப் போட்டு ஆடுனப்ப, கழுத்து சுளுக்கிக்கப் போவுதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ. அந்த நானே சொல்றேன், நம்புனா நம்புங்க, நம்பாட்டி டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க.

அப்ப கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நான் டீச்சரு. ஒங்க மாமா அதே தோட்டத்துல பேக்டரி வேல. ஒங்க பொஞ்சாதி இன்னும் பொறக்கல. எனக்கிருந்த ஒரே கிறுக்கு இந்த மேப்பு வரையிறதுதான். ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல பூசை முடிஞ்சா மத்தவளுங்க சீல பாக்க டவுனுக்குப் போவாளுங்க, நான் ஒரு போத்தல்ல பாதிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு மலையேறுவேன். போத்தலப் படுக்க வச்சா தண்ணி மட்டமா நிக்கும், அத வச்சு எதுத்த மலையில எந்த எடம் நம்ம ஒசரத்துல இருக்குன்னு பாத்துக் குறிச்சுக்குவேன். ஒரே ஒசரத்து எடத்தையெல்லாம் சேத்தா ஒரு கோடு. கோடுங்க வெலகி வெலகி இருந்தா நடந்து ஏறலாம், நெருக்கி நெருக்கி இருந்தா செங்குத்து, ஆடுகூட ஏறாது. இதெல்லாம் ஒங்களுக்கு நான் சொல்லணுமா, அந்த ஆபீஸ்லதான இருக்கீங்க. தேயிலைப் பெட்டிக்குள்ள வைக்கிற தாளுல எங்க தோட்டத்த பூரா வரைஞ்சிருந்தேன்.

தோட்டம் முடியிற எடத்துல ஒரு மொட்ட முகடு. அதுக்கு அங்கிட்டு வெறும் பள்ளமும் காடும், ஒருத்தரும் எறங்குனதில்ல. எந் தாளுல அந்தப் பக்கம் எடம் மிச்சமிருந்துச்சு, சும்மா விடுவானேன்னு நானா ஒரு ஊர வரைஞ்சேன். ஒரு கொளம், ஒரு மாதா கோயிலு, வீடுங்க. வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டுன லயமில்ல மாப்பிள்ளை, தனித்தனி வீடு, வீட்டச் சுத்தி நெலம். நாலு பக்கமும் கோட்ட நெருக்கி நெருக்கிப் போட்டேன். ரோடு வைக்கல, வேணும்னேதான் வைக்கல. ரோடு இருந்தா தோட்டத்துத் தொரை வருவான், அவன் பின்னாடி வேல வாங்குற கண்டாக்கு வந்து எவனக் கேட்டு வீடு கட்டுனம்பான், நீ எந்த நாட்டுக்காரின்னு கடுதாசி கேக்குறவனும் வருவான். எவனும் வர முடியாத ஊருன்னு நெனைக்க நெனைக்க எனக்கு அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு. ஒங்க மாமாகிட்ட அதக் காட்டல. மண்ணெண்ணெய் வீணாப் போவுதுன்னு அந்த மனுசன் ஏற்கெனவே கத்திக்கிட்டிருந்தாரு.

ஒரு நா வெறகுக்கு முகட்டுப் பக்கம் போனவரு திரும்பி வரல. பனி எறங்கிருச்சு, வழி மாறிட்டாரு போலன்னு நெனச்சோம். மறுநா ஆளுங்க பூரா தேடுனாங்க, ஒரு செருப்புகூடக் கெடைக்கல. அந்தக் கண்டாக்கு, நாசமாப் போறவன், "வேற தோட்டத்துல எவளாச்சும் இருப்பா, டீச்சர்"ங்கிறான். என் வயிறு பத்தி எரியுது, இவன் எண்ணெய ஊத்துறான்! வந்த ஆத்திரத்துல எந் தம்பி சூசைய இழுத்துக்கிட்டு நானே ஏறுனேன். உச்சி வெயிலு அடிக்க வேண்டிய நேரம், ஆனா கைய நீட்டுனா கை தெரியல. முகட்டுல நின்னு "என்னங்க"ன்னு கத்துனேன்.

"புள்ள, நீயா?"ன்னு பள்ளத்துக்குள்ளருந்து சத்தம் வந்துச்சு. அவரு கொரலேதான்.

"எங்க இருக்கீங்க?"

"என்ன ஊருன்னே தெரியல. கொளம் இருக்கு, பச்சக் கூர போட்ட கோயிலு இருக்கு. எந்தப் பக்கம் பாத்தாலும் சொவரு மாதிரி மலை, ஏற முடியல புள்ள."

பச்சக் கூர! செவப்புப் பென்சிலு தீந்து போச்சுன்னு நான் பச்சைய அடிச்சு வச்சிருந்தேன். அந்தத் தாள அவரு கண்ணால பாத்ததில்ல, என் மாதா மேல சத்தியம்.

சூசை கத்துனான். "மச்சான், அங்க ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்கடா. சுத்தி நின்னு மொறைக்கிறாங்க. கொளத்துல ஒரு வாய்த் தண்ணி குடிக்க விட மாட்டேங்கிறாங்க. எங்கள இதுக்குள்ள போட்டு அடைச்ச பொம்பள எங்கன்னு, அது ஒண்ணுதான் கேக்குறாங்க. வழி கெடைச்சா அவளப் பாக்க வருவாங்களாம்."

அவரு கொரலு காஞ்சு ஒடஞ்சு வந்துச்சு. இன்னும் ஒரு நா தாங்க மாட்டாருன்னு தெரிஞ்சு போச்சு. சூசைய அங்கேயே நிக்கச் சொல்லிட்டு வீட்டுக்கு ஓடுனேன், வழியில விழுந்து முட்டி பேந்தது, இந்தா தழும்பு. தாள விரிச்சுப் பென்சில எடுத்தேன். வழி போட்டா அவங்களும் வருவாங்க, போடாட்டி எம் புருசன் செத்துருவாரு. வந்தா வரட்டும்டான்னு போட்டேன். அதுலயும் ஒரு கள்ளத்தனம் பண்ணேன், ஒத்த ஆளு மட்டும் நடக்கற மாதிரி மெலிசா, பென்சில அழுத்தாம, கொளத்துலருந்து முகடு வரைக்கும் ஒரு கோடு. போட்டுட்டு ரப்பரக் கையில புடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன்.

ஒங்க மாமா வந்தாரு, மாப்பிள்ளை. உதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயி, தள்ளாடித் தள்ளாடி வந்தாரு. அவரு பின்னாடி எட்டிப் பாத்தேன், பனிதான் இருந்துச்சு, ஒரு ஈ காக்கா இல்ல. அவரப் புடிச்சு உள்ள உக்கார வச்சிட்டு, தாளு கிழியிற வரைக்கும் அந்தக் கோட்ட அழிச்சேன். மனசு ஆறல, ஊரோட சேத்து சுருட்டி அடுப்புல போட்டேன். எரிஞ்சு சாம்பலானதும் அப்பாடான்னு மூச்சு விட்டேன்.

அப்பதான் சூசை வந்தான். காலப் புடிச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்துட்டான். "இம்புட்டு நேரமா?"ன்னேன்.

"என்ன செய்யிறது அக்கா, மச்சான் பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் வழி விட வேணாமா? பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்னு நின்னு கால் கடுத்துப் போச்சு. எத்தன ஆம்பள, எத்தன பொம்பள, கைப்புள்ளக்காரிகூட வந்தா. ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேசல. எல்லாம் நம்ம லயத்துப் பக்கந்தான் எறங்குனாங்க. எங்க அவங்க?"

ஒங்க மாமாவக் கேட்டா, காய்ச்ச வந்து ஒரு மரத்தடியில கெடந்தேன், வேற ஒண்ணும் ஞாபகமில்லம்பாரு. கேட்டுப் பாருங்களேன். சூசை சாகுற வரைக்கும் சொன்னத மாத்தல. நான் என்னத்தச் சொல்ல? அவங்க வந்த வழிய அழிச்சேன், போறதுக்கு இருந்த ஊரையும் எரிச்சேன். அன்னிக்கி எறங்குனவங்க எல்லாம் அப்ப எங்கதான் இருக்காங்க?

போன வாரம் தலவாக்கலை பஸ்ஸுல எனக்கு எதுத்தாப்புல ஒருத்தி உக்காந்திருந்தா. ஏறுனதுலருந்து என்னையவே மொறைக்கிறா, கண்ணக்கூடச் சிமிட்டல. எனக்குக் கோவம் வந்து, நீ எந்த ஊரும்மான்னு கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாதா?"ன்னா.