ரத்தம் நார்மல், விரல் மடங்கவில்லை

மூட்டுக்கு ஸ்கேன் பார்க்கிற தொழிலில் முதல் கஷ்டம் நோய் அல்ல. ஸ்கேனுக்கு வயிறு கட்டாயமில்லை என்று ஊரை நம்பவைப்பது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றின் இருட்டறையில் உட்கார்ந்து இதைச் செய்கிற டாக்டர் நான். வேறு ஊர்களில், வேறு இருட்டறைகளில் தவிக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

அறிவிப்புப் பலகை

குடவாசல் பக்கத்து விவசாயி ஒருவர் மணிக்கட்டு வீங்கி வந்தார். ரிசப்ஷனில், "ஸ்கேனா? நெறைய தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க, அடக்க முடியாதப்ப சொல்லுங்க" என்றிருக்கிறார்கள். மனிதர் சொன்ன பேச்சு கேட்பவர். பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு, காலைப் பின்னிக்கொண்டு உள்ளே வந்தார். நான் கையை நீட்டச் சொன்னேன்.

கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த சட்டப்படியான பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஆணா பொண்ணான்னு சொல்ல மாட்டீங்க, சரி. பாத்ரூம் எங்கருக்குன்னாவது சொல்லுவீங்களா?"

ஜெல்

மல்லிகாவுக்கு நாகப்பட்டினம் பக்கம் கடற்கரை ஊர். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். இவர் மீன் விற்பார். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டால் விரல் வெளுத்து, பிறகு நீலம் பாயும். தோலும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. அது தோல் இறுக்க நோய் என்று எங்கள் பெரிய டாக்டர் கண்டுபிடித்து, மூட்டையும் பிடித்திருக்கிறதா பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

எங்கள் ஏசிக்கு இரண்டே நிலைகள்: ரிப்பேர், மார்கழி. அன்று மார்கழி. ஜெல்லைத் தடவியதும் மல்லிகாவின் விரல்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தன. நான் வெந்நீர்ப் பைக்கு ஓடினேன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "மீனு கெட்டுப்போவாம இருக்க நாங்க ஐஸ் போடுவோம். டாக்டருங்க எதுக்கும்மா இவ்வளவு குளிருல இருக்கீங்க?"

ரத்தம் சொன்னது

இதற்குள் ரத்த ரிப்போர்ட் வந்தது. மூட்டில் அழற்சி இருந்தால் ஏறுகிற சிஆர்பி, ஈஎஸ்ஆர் எல்லாம் நார்மல். துணைக்கு வந்திருந்த மாமியாருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. "கத்தி புடிக்க முடியல, சட்டி எறக்க முடியலன்னு எவ்வளவு நடிப்பு பாத்தீங்களா!" மல்லிகா கையை மூடிப் பார்த்தார். விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடவில்லை.

இந்த நோயில் ரத்தம் அமைதியாக இருக்கும்போதே மூட்டுக்குள் நெருப்பு எரியலாம். ஸ்கேனில் அது தெரிந்தது: மணிக்கட்டில் வீக்கம், தசைநாரின் உறை தடித்திருந்தது. படத்தைப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைத் தள்ளிவைத்து, ரிப்போர்ட்டைத் தட்டிக் காட்டினார்: "ரிப்போர்ட் நார்மல்னா பேஷண்ட்டும் நார்மல்தானே மேடம்? அதுக்குத்தானே ரிப்போர்ட்டே!"

சிவப்பு

ஒரே ஒரு நிமிஷம் என்று கெஞ்சி அவரை என் அறைக்கு அழைத்து வந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்போல வாசலிலேயே நின்றார். மல்லிகாவின் மணிக்கட்டில் கருவியை வைத்ததும் திரையில் சிவப்பு துடித்தது. "பாயுற ரத்தம்தான் சார் இது. மூட்டுக்குள்ள இவ்வளவு இருக்கலாமா?" என்றேன். அவர் கிட்டே வந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மாத்திரையை மாற்றி எழுதினார். மல்லிகா அப்போதுதான் அழுதார்.

மாமியார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் தன் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நீட்டினார்: "அப்படியே எனக்கும் வச்சுப் பாருங்கம்மா. எனக்கு வலிக்குதுன்னா இவளும்தான் நம்ப மாட்டேங்குறா."

முகம்

சில மாதம் கழித்து மல்லிகா வந்தபோது சிவப்பு வெகுவாக அடங்கியிருந்தது. முழுதாக மடங்காவிட்டாலும் விரல்கள் கத்தியைப் பிடித்தன. ஐஸ் பெட்டி மாமியார் பொறுப்புக்குப் போயிருந்தது. தோல் மட்டும் இறுக்கம் விடவில்லை. அந்த இறுக்கத்தால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாததைப் பார்த்து ரிசப்ஷன் பெண், "அக்கா, என்ன கிரீம் போடுறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

மல்லிகா கோபப்படவில்லை. சிரித்தார், வாய் திறந்த அளவுக்கு: "மூஞ்சிய மட்டும் தனியா தர மாட்டாங்க தங்கம். கையும் சேந்துதான் வரும், பரவால்லியா?"

ஆக, வலிக்கிறது என்று ஒருவர் வாயால் சொன்னதை, அவர் வீட்டாரும் எங்கள் ஆட்களும் நம்பும்படி கலரில் காட்டுவதற்குப் பெயர்தான் எங்கள் தொழில்.