பெயர் மாறிய குளிசை

விமலாதேவிக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் பேசாமல் இருக்க வரும். அவளைக் கெடுத்தது அதுதான் என்று நான் சொல்வேன். சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு மருந்துக்கடையில் பதினொரு வருடம் அவள் மருந்தாளராகவும் நான் கல்லாவிலும் நின்றோம். கொழும்பில் படித்த படிப்பு இங்கே செல்லாது என்றதும், இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு மறுபடி பரீட்சை எழுதித் தேறியவள் அவள். எங்கள் தமிழ்க் கிழடுகட்டைகள் அவள் நிற்கும் நாளாகப் பார்த்துத்தான் வருவார்கள். அவள் கொடுத்தால் கேள்வி கேட்க மாட்டார்கள்.

முதலாளிக்கு மருந்துக் கம்பனிகள் விலையைக் குறைத்து ரகசியமாகக் கழிவு கொடுத்தன. அரசாங்கம் போட்ட விலை ஒன்று, அவர் வாங்கும் விலை வேறு. எந்தக் கம்பனி கூடக் கழிக்கிறதோ அதன் குளிசைதான் தட்டில் ஏறும். மருந்து ஒன்றே, பெட்டியும் பெயரும் மாறும். நோயாளிக்கு ஒரு சதமும் மிச்சமில்லை.

2006இல், எங்களிடமே வாடிக்கையாக மருந்து வாங்கும் ஏசுதாசன் அங்கிளின் பிரஷர் குளிசை இரண்டு தரம் பெயர் மாறியது. முதல் தடவை விமலா பெட்டியைக் காட்டி விளக்கினாள். ஏன் மாறியது என்று அவர் கேட்டதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்தாள். இரண்டாம் தடவை அதே கேள்வி வருமே என்று கூசி, ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை.

டொக்டர் புது மருந்து சேர்த்திருக்கிறார் என்று அங்கிள் நினைத்துக்கொண்டார். மிச்சமிருந்த பழைய குளிசையோடு புதியதையும் தினமும் போட்டார். ஒன்பதாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

அவர் மனைவி ஞானம்மாள் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். மருந்தின் பெயர் பெட்டியில் இருக்கிறது, வாசிக்காதது அவர் பிழை என்று சொல்லும்படி முதலாளி விமலாவிடம் சொன்னார். அவளோ கழிவு விஷயம் முழுவதையும் ஞானம்மாளிடம் சொல்லிவிட்டாள். அந்த வாரமே அவளுக்கு வேலை போனது.

அடுத்த வருடம், கம்பனிகள் கழிவை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சந்தோஷமாக அவளுக்கு போன் பண்ணினேன்.

"கவண்மேந்துக்குச் சொல்லுவினம், சரி. அங்கிளுக்கு ஆர் சொல்லுறது?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அங்கிள் நடைச்சட்டத்தைப் பிடித்து மெல்ல நடந்து வந்தார். வாராவாரம் வந்து குளிசைகளைப் பிரித்து வைக்கட்டுமா என்று விமலா கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் ஞானம்மாள். குரலில் கோபமே இல்லை. "இப்ப வெள்ளைக்காரன்ர கடையிலதான் எடுக்கிறம். நீங்கள் எங்கட பிள்ளையெண்டு ஒண்டும் கேக்காமல் வாங்கினனாங்கள். அங்கை ரெண்டு தரம் கேட்டு எழுதுவிச்சுக்கொண்டு வாறன்."

"அப்பிடித்தான் செய்யவேணும் அன்ரி," என்றாள் விமலா. வெளியே வந்ததும் அவள் கார் ஓட்டும் பக்கம் போகாமல் மற்றப் பக்கக் கதவடியில் போய் நின்றாள். சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.