காலி இருக்கைகளுக்கு ஓர் அறிவிப்பு

அவளது ஒரு கை தீயணைப்புக் குழாயின் பித்தளை இணைப்பைப் பிடித்திருக்க, மற்றது உள்ளே இறுகிக் கிடந்த வாஷரை ஆணி முனையால் நெம்பி எடுத்தது. சற்றுமுன் பம்பை ஓட்டியபோது இங்கேதான் தண்ணீர் பீறிட்டது.

"படகை நேரா பழைய இரும்புக்கே போட்டுடலாம் போல," என்றார் அதை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்த கேப்டன்.

"ஒரு வாஷருக்கா? கொஞ்சம் பொறுங்க சார்."

புதுப் பாலம் திறந்ததும் படகில் ஏற ஆளில்லாமல் போயிற்று. மாலுமிகள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த அவள் மட்டும் காவலுக்குத் தங்கினாள். முதலாளி பார்த்துக்கொள்ளச் சொன்னது பூட்டை மட்டும்தான். அவளோ இன்ஜின்காரர் செய்ததைப் பார்த்த நினைவில் வாரம் தவறாமல் பம்பை ஓட்டினாள், மிதவை அங்கிகளின் வார்களை இழுத்துப் பார்த்தாள், அபாய மணியை அடித்தாள். அடிக்கும் முன் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவாள். சில வாரங்களில் அவள் வாய்விட்டுப் பேசியது அது மட்டும்தான்.

"ஏறுறதுக்கே ஆளில்ல. நீ யாரைக் காப்பாத்துறக்கா?" என்று தம்பி போனில் சிரிப்பான். அவளும் சிரித்து வைப்பாள்.

இன்று சோதனையில் தேறினால் படகு வேறொரு துறையில் ஓடும். தேறாவிட்டால் உடைக்கப் போகும். எப்படியும் அவள் கூடப் போகப்போவதில்லை. ஆனாலும் அது ஓட வேண்டும்.

புது வாஷரைப் பதித்து, இணைப்பை முறுக்கி, பம்பைப் போட்டாள். குழாய் விறைத்தது. இணைப்பின் அடியில் உலர்ந்த உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். சொட்டு விழவில்லை. கேப்டனும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மீதியிருந்தது மணி. அவள் மைக்கை எடுத்தாள்.

"பயணிகள் கவனத்துக்கு. இது சோதனை மட்டும். யாரும் எழுந்திருக்க வேண்டாம்."

வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். கேப்டன் சுற்றிப் பார்த்தார். "யாருக்கும்மா சொல்றீங்க?"

"இன்னைக்கு உங்களுக்கு. சொல்லாம அடிச்சா நீங்க தண்ணியில குதிச்சிட்டா?"

அவர் சிரித்தது மணியில் மறைந்தது. ஓசை அடங்கியபின், "ஓட்டலாம். எடுத்துக்கிறோம்," என்றார்.

அவள் பித்தளையில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள். மணிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"வாராவாரம் அடிக்கணும் சார். முன்னாடியே சொல்லிட்டு அடிங்க."