அடங்காத ஐடில்: மினி லாரியில் ஒரு குற்றாலப் பயணம்

சீசனில் குற்றாலம் போக யாருக்கும் காரணம் தேவையில்லை. எங்களுக்கு ஒன்று இருந்தது. எங்கள் பழைய மினி லாரியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று தெரியாமல் பல மாதங்களாக வீட்டில் சண்டை. அதை முடித்துவிட்டுத் திரும்புவது என்றுதான் இந்த ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை ஆறரைக்குத் திருநெல்வேலியிலிருந்து கிளம்பினோம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: நாங்கள் என்றால் நானும் என் கணவர் முத்தையாவும். இவர் ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து இந்த மினி லாரியை வாங்கி லோடு அடித்தார். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, பின்னால் பலகை போட்டு, மெத்தை விரித்து, தார்ப்பாய் கட்டி, அதிலேயே ஊர் சுற்றுகிறோம். வாடகை ரூம் என்ற பேச்சே கிடையாது. இந்த வண்டி போனால் என் பயணமெல்லாம் போச்சு. அதனால் விற்கக் கூடாது என்பது என் கட்சி.

இவருடைய கட்சி வேறு. "வண்டிக்கு வயசாயிட்டுட்டி. ஐடில் நிக்க மாட்டேங்கு. வித்துருவோம்" என்பார். ஐடில் என்பது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு எஞ்சின் தானாக ஓடும் வேகம். அது அடக்கமாக, சீராக இருக்க வேண்டும். எங்கள் வண்டியோ நிறுத்தினாலும் உறுமும், போதாததற்கு நடுங்கும். சைடு கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரியும். ஊரில் நாலு தடவை மெக்கானிக்கிடம் காட்டி வேகத்தைக் குறைத்தாயிற்று. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சிவகிரியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் ஒருவர் வண்டியைக் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் சரியானால் வண்டி நமக்கு, இல்லையென்றால் அவருக்கு. இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஆலங்குளத்தில் டீக்கு நிறுத்தினோம். எஞ்சினை அணைக்காமல் இவர் இறங்க, கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. இந்த வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் கத்தித்தான் பேசுவோம். பழகிவிட்டதால் வீட்டிலும் கத்துவோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களுக்குள் தினமும் சண்டை என்றே நினைத்திருப்பார்கள்.

பாவூர்சத்திரம் தாண்டி, ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் தென்காசி. ஊருக்குள் நுழையுமுன் ஒரு ஷெட்டில் சுடலை என்ற மெக்கானிக் இருக்கிறார் என்று இவருடைய ராணுவ சிநேகிதர் சொல்லியிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவசரப்படாத ஆள். முதலில் எஞ்சின் சூடாகட்டும் என்று பத்து நிமிடம் ஓட விட்டார், ஏனென்றால் குளிர்ந்த எஞ்சினில் ஐடில் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். பிறகு ஆக்சிலேட்டர் கேபிள் இறுகிப்போய்ப் பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அது ஒழுங்காகத் திரும்பியது. டீசல் ஃபில்டரைக் கழற்றினார், தண்ணீர் இல்லை, ஆனாலும் புதிது மாட்டினார். கடைசியாக டீசல் போகும் வழியில் ஒரு சாண் கண்ணாடி டியூபை மாட்டி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்கன பாருங்க. முட்டை முட்டையா வருதுல்லா? எங்கனயோ காத்து இழுக்குது."

டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. அதை மாற்றியதும் நடுக்கம் நின்றுவிட்டது. சைடு கண்ணாடியில் ஒரே ஒரு பஸ். பிறகு டீசல் பம்பில் இருக்கும் ஐடில் திருகைக் குறைத்து, பூட்டு நட்டை இறுக்கினார்.

"இது தானா ஏறாதே அண்ணாச்சி. நட்டு டைட்டாத்தான் இருந்துச்சு. யாரும் கை வச்சாவளா?" என்று கேட்டார். இவர் வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடலை என்னை எதிர்க் கடைக்கு அனுப்பி ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வரச் சொன்னார். திருகும் நட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோடு விலகியிருந்தா யாரோ திருகியிருக்காவன்னு அர்த்தம். தானா நடக்காது." ஹோஸ், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய். மூன்று மணி நேர வேலை. நான் உள்ளுக்குள் குதித்தேன். வண்டி எனக்குத்தான்!

தென்காசியிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. சீசன் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் ஆனது. நல்ல சாரல். வழியில் மூன்று முறை நெரிசலில் வண்டியை நிறுத்த வேண்டி வந்தது, மூன்று முறையும் இவர் சாவியைத் திருகினார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் போய் இடித்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். எனக்குப் பல் கூசியது. "ஓடுத வண்டிய எதுக்கு ஸ்டார்ட் பண்ணுதிய?" என்று கத்தினேன். "பழக்க தோஷம்" என்றார். ராணுவத்தில் வண்டியைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவருக்கு இப்படி ஒரு பழக்கமா என்று தோன்றியது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

ஐந்தருவிக்குப் பக்கத்தில் நிறுத்திக் குளித்து, அன்றைக்கும் மறுநாளும் அங்கேயே கிடந்தோம். வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பழைய குற்றாலம் போகலாம் என்று முடிவு. "வண்டிய எடுத்து வைங்க, மங்குஸ்தான் வாங்கிட்டு வந்துருதேன்" என்று போனேன். கிலோ முந்நூறு சொன்னார்கள், இருநூற்றைம்பதுக்கு வாங்கினேன். திரும்பி வரும்போதே தூரத்தில் அந்த உறுமல். சுடலையை வாய்விட்டே திட்டிக்கொண்டு வந்தேன்.

பானெட் திறந்திருந்தது. இவர் குனிந்து, ஒரு கையில் ஸ்பேனரோடு, அந்தத் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். இன்னொரு கையை எஞ்சின் மேல் விரித்து வைத்திருந்தார். சிவப்புக் கோடு இரண்டாகப் பிளந்திருந்தது.

என்ன செய்கிறீர்கள் என்று நான் பின்னால் நின்று மூன்று முறை கேட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் பதறிவிட்டார். "இல்லட்டி, வண்டி நின்னு நின்னு போவுது. அதான் கொஞ்சம் கூட்டினேன்."

நான் திருகை அவரையே திரும்பக் குறைக்க வைத்தேன். எஞ்சின் அடங்கி, சீராக ஓடியது. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்: "இப்ப ஓடுதா, நின்னுட்டா?"

அவர் முதலில் சைடு கண்ணாடியைப் பார்த்தார். அது ஆடவில்லை. பிறகு பானெட்டில் கையை வைக்கப் போனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"ஓடுதுல்லா?" என்று என்னிடம் கேட்டார்.

அவ்வளவுதான். அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாள் எஞ்சின் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டிருக்கிறார். உறுமலைக் கூட்டிக் கூட்டிக் காதுக்கு எட்ட வைத்திருக்கிறார். வண்டிக்கு வயசாயிட்டு என்று சொன்னதெல்லாம் தன் காதைத்தான். நாங்கள் நடுக்கத்தைச் சரிசெய்து இருந்த ஒரு அடையாளத்தையும் பிடுங்கிவிட்டோம். எத்தனை நாளாக என்று கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. மங்குஸ்தான் பை அப்படியே கிடந்தது, இருவரும் தொடவில்லை.

சனிக்கிழமை காலை மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் இவர் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பக்கத்தில் ஒருவர் கையை ஆட்டி ஏதோ சொல்ல, இவரும் கையை ஆட்டிச் சிரித்தார். அருவிக்கு அடியில் யாருக்குமே காது கேட்காது. என் வாழ்க்கையில் குற்றாலத்தை இவ்வளவு வெறுத்ததில்லை.

பத்தரைக்குத் தென்காசியில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஃபீஸ் நானூறு. இரண்டு காதும் நரம்பில் அடிபட்டிருக்கிறது, எஞ்சின் பக்கத்தில் இருந்த வருடங்கள்தான் காரணம், போனது திரும்பாது என்றார். காது மிஷின் வைத்தால் பேச்சுக்கு உதவும், லாரி ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார். எனக்குத்தான் சொன்னார், நான்தான் இவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இவர் கேட்டுவிட்டு, "வண்டிதான் சரியாயிட்டே, வச்சிக்குவோம்ட்டி. நீ ஆசப்பட்டியே" என்றார். விற்கலாம் என்று நான் சொன்னேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.

உங்களுக்கான குறிப்புகள். பழைய டீசல் வண்டியில் மலைப்பக்கம் போகிறவர்கள் கிளம்பும் முன் ஹோஸ் கிளிப்புகளைப் பாருங்கள். ஐடில் ஏறினால் கேபிள், ஃபில்டர், காற்று என்று வரிசையாகப் பாருங்கள், திருகை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு திரும்பி வந்தால், ஓட்டுகிறவரைப் பாருங்கள். இதை ஒரு வருடத்துக்கு முன் யாராவது எனக்கு எழுதியிருக்கக் கூடாதா? சனி, ஞாயிறு கூட்டத்தில் குற்றாலம் போகாதீர்கள். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு எந்நேரமும் பஸ் உண்டு, ஒன்றரை மணி நேரம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நாங்கள் பஸ்ஸில்தான் திரும்பினோம்.

ஞாயிறு காலை சிவகிரிக்காரர் சுடலையின் ஷெட்டுக்கு வந்தார். சுடலை திருகைச் சரிசெய்து, புதிதாகக் கோடு போட்டு வைத்திருந்தார். வந்தவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரே பிடியில் எடுத்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பூனை மாதிரி ஓடியது.

"எஞ்சின் தங்கமால்லா இருக்கு. ஏன் அண்ணாச்சி விக்குதிய?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார்.

இவர் வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு நின்றார். சைடு கண்ணாடியை ஒரு முறை பார்த்துக்கொண்டார், அது ஆடவில்லை.

"சாவி அங்கனதான் இருக்கு அண்ணாச்சி" என்றார். "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."