புகைபோக்கி வைத்த சீதன வீடு

1. மாடியைக் கேட்டு நிற்கிறார்கள்

சாய்ந்தமருது போட் முதலாளி கரீம் ஹாஜியார் போன் எடுத்தபோது நான் அடுப்பில் மீன் ஆணத்தைக் கொதிக்க விட்டிருந்தேன். அவருடைய மகள் சியானாவின் கலியாணத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

"மிஸ், கையில என்ன வேல இரிந்தாலும் போட்டுட்டு வாங்க. பொத்துவில்ல இரிந்து மாப்பிள்ள வீட்டார் வந்திரிக்காங்க. மாடியக் கேட்டு நிக்காங்க."

"எந்த மாடி ஹாஜியார்?"

"நீங்க போட்ட மாடிதான்!"

நான் மேசன் இல்லை. கல்முனை பஸார் பக்கம் ஒரு கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் கார்ட்டூனாகக் கலியாண அழைப்புக் காட் செய்கிறவள். என் சீவியத்தில் ஒரு கல்லுக்கு மேல் இன்னொரு கல்லை வைத்ததில்லை. என்னைப் பிடித்து மாடி போட்டவள் என்றால் கோபம் வராதா? அடுப்பை நூர்த்துவிட்டு, ஹபாயாவைக் கொளுவிக்கொண்டு ஓடினேன்.

2. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் உண்டு

இப்போது போனிலேயே நிமிசத்தில் படம் செய்கிற பிள்ளைகளுக்கு அந்த நாளில் நான் பாவித்த மென்பொருளைப் பற்றிச் சொன்னால் சிரிப்பு வரும். எங்கேயோ வெளிநாட்டில் சின்னப் பிள்ளைகள் விளையாடுவதற்குச் செய்தது. ஆட்கள், வீடு, மரம் எல்லாம் லைப்ரரியில் ரெடிமேட்டாக இருக்கும். ஒரு கேரக்டரை இழுத்து ஸ்டேஜில் போட்டு, நடக்கிற பட்டனை அமத்தினால் நடக்கும். நான் பிரீ வேர்ஷன்காரி. பிரீயாகக் கிடைத்த ஆட்களை வைத்துத்தான் ஊர்க் கலியாணங்களை நடத்தினேன். கோட் சூட் போட்ட ஒரு சுருட்டை முடிக்காரன், ஒரு கடல் கொள்ளைக்காரன், ஒரு தீயணைப்புக்காரர், ஒரு பசுமாடு. அவ்வளவுதான் என்னுடைய பட்டாளம்.

ஏன் கார்ட்டூன் என்று கேட்பீர்கள். பொம்பிளைப் பிள்ளையின் போட்டோ போன் போனாகப் போவதை எங்கட ஆட்கள் விரும்புவதில்லை. கார்ட்டூன் என்றால் கொஞ்சம் இறங்கி வருவார்கள். அதிலும் படமாக முகம் கீறுவது மார்க்கத்துக்கு ஆகாது என்று பலர் சொல்வதால், கண், மூக்கு, வாய் மூன்றையும் நான் அழித்துவிடுவேன். ஆனால் குரலைச் சேர்த்த உடனே அந்த மென்பொருள் தானாக ஒரு வாயைக் கொண்டுவந்து ஒட்டும். லிப்-சிங்க் என்று அதற்குப் பெயர். அதை நிப்பாட்டுகிற வழி கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. வெறும் முகத்தில் சிவத்த வாய் மட்டும் திறந்து திறந்து, "அஸ்ஸலாமு அலைக்கும், எங்கட கலியாணத்துக்குக் குடும்பத்தோட வாங்க" என்று சொல்லும்.

முதல் படத்தைப் பார்த்த அன்று என் மகன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான். ஆனால் மருதமுனையில் சாரன் கடை வைத்திருந்த ஒருவர், "நல்லா இரிக்கி மிஸ், அந்த வாய் அப்பிடியே எங்கட மாமிர வாய்" என்று சொல்லி, இரண்டு மகள்மாருக்கும் ஒரேயடியாக ஓர்டர் தந்தார். ஊர் ரசனையை நான் என்னத்தைச் சொல்ல!

3. காளானா, மாடியா

அந்தப் போன் வருவதற்குச் சில நாட்களுக்கு முதல், ஹாஜியார் தன் மனுசியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். எங்கட பக்கத்தில் பொண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் வந்து அந்த வீட்டில் குடியேறுவார். ஆகவே படத்தில் மாப்பிள்ளை நடந்து வரவேண்டும், வீடு தெரியவேண்டும், பொண்ணு தெரியக் கூடாது.

"வீட்ட வடிவாப் போடுங்க மிஸ். என்ட உழைப்பு முழுக்க அதுலதான் கிடக்கு" என்றார் ஹாஜியார்.

லைப்ரரியில் இரண்டே இரண்டு வீடு. ஒன்று, பெரிய காளானுக்குக் கதவும் ஜன்னலும் வைத்தது. மற்றது, மாடியும் புகைபோக்கியுமாக, கூரை முழுக்கப் பனி கொட்டிக் கிடக்கிற வெள்ளைக்காரன் வீடு. இரண்டையும் காட்டினேன்.

"காளானுக்குள்ளயா என்ட மகளக் குடியிருத்துற? மற்றதப் போடுங்க."

"ஹாஜியார், உங்கட வீட்டுக்கு மாடி இல்லியே."

"கார்ட்டூன்தானே மிஸ்! ஆரு வந்து எண்ணிப் பாக்கப் போறா?"

அவருடைய மனுசிக்கு வேறு கவலை. "பொண்ணக் காட்டாம, உள்ளுக்குப் பொண்ணு இரிக்கிண்டு எப்பிடிகா தெரியும்?"

அப்போதுதான் எனக்கு அந்த மூளை வேலை செய்தது. மாப்பிள்ளை கேட்டடிக்கு வந்து நிற்பார். மேல்மாடி ஜன்னலில் ஒரு லைட் பத்தும். அதுதான் பொண்ணு. சொல்லி முடிக்கும்போதே அந்த மனுசிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் தலைகால் புரியவில்லை. அல்லாஹ்வே, இப்படியொரு மூளையை எனக்குத் தந்துவிட்டு, இந்தக் கடையில் போட்டோ கொப்பி அடிக்க விட்டிருக்கிறாயே என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைக்குச் சுருட்டை முடிக்காரனைப் பிடித்துத் தலையில் ஒரு தொப்பி வைத்தேன். நின்றால் நல்ல வடிவு. நடந்தால் தொப்பி தலைக்கு ஓர் அடி பின்னால் காற்றில் வந்தது. மாப்பிள்ளை கேட்டடியில் நின்ற பிறகு தொப்பி ஆறுதலாக வந்து தலையில் ஏறியது. லேயரை மாற்றிப் பார்த்தேன். இந்த முறை தொப்பி முதலில் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, மாப்பிள்ளை பிந்தித்தான் வந்தார். சனியன் என்று தொப்பியை அழித்துவிட்டேன். சுருட்டை முடி ஆட ஆட, மாப்பிள்ளை பனிக்குள் நடந்து வந்தார்.

எக்ஸ்போர்ட் பண்ணி ஹாஜியாருக்கு அனுப்பினேன். அசர் தொழுகைக்கிடையில் அது பொத்துவில் போய்ச் சேர்ந்துவிட்டது.

4. வீடு பார்க்க வந்தவர்கள்

சம்பந்தம் பேசும்போது வீடு அத்திவாரத்தில் இருந்ததாம். முடிந்த வீட்டை மாப்பிள்ளைப் பகுதி பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது என்னுடைய வீட்டைத்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் பெரிய மாமா வளவுக்குள் நின்று போனை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, படத்தையும் வீட்டையும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்துவிலில் மரக்காலை வைத்திருப்பவர். பலகையை அளந்து பழகிய கண்.

"மிஸ் எண்டா நீங்கதானே? இந்தா உங்கட வீடு. அந்தா இவர்ர வீடு. மேல்பாதி எங்க?"

"அது பிரீ வேர்ஷன் நானா. அதுல வேற வீடு இல்ல." நானா என்று அண்ணன் முறை வைத்துப் பணிந்துதான் சொன்னேன்.

"பிரீயாக் கிடைச்ச மாடியா? அப்ப ஏன் கட்டாம விட்ட?"

கூட வந்த ஒருவர் புகைபோக்கியைத் தேடி வீட்டை இரண்டு முறை சுற்றி வந்தார். மாப்பிள்ளையின் உம்மா என் கையைப் பிடித்து, "கூரைக்கு மேல வெள்ளையா என்னமோ கிடந்திச்சே, வெக்கைக்குப் பூசிறதா?" என்று கேட்டார்.

"அது பனி ராத்தா."

"அப்ப அதுவும் இல்லியா?"

பெரிய மாமா தொண்டையைச் செருமினார். "லைட் எரியிற அந்த மேல் அறதான் மாப்பிள்ளைக்கிண்டு ஊர் முழுக்கச் சொல்லிட்டம். இனி எந்த முகத்தோட பொத்துவிலுக்குப் போற? மாடி வரட்டும். கலியாணத்தக் கொஞ்சம் பிந்திப் போடுவம்."

பிந்திப் போடுவம் என்றால் எங்கட ஊரில் கலியாணம் இல்லை என்றுதான் அர்த்தம். ஹாஜியார் கலியாணச் சாப்பாட்டுக்கு வந்து அடுக்கிக் கிடந்த சஹன் தட்டுகளுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். கடலில் எத்தனை காற்றைப் பார்த்த மனிசன், ஒரு கார்ட்டூனில் கவிழ்ந்து கிடந்தார்.

சியானா என்னிடம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. மாப்பிள்ளை றிஸ்வானை அவளுக்கு உயிர். "அவர் போன்ல கதைச்சா சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது மிஸ்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் வாழ்க்கை நான் பத்த வைத்த ஒரு லைட்டில் எரிந்து போகப் பார்க்கிறதே!

றிஸ்வான் அன்றைக்கு வேன் ஓடிக்கொண்டு வந்திருந்தார். தொப்பியோடு வேனடியில் நின்று, "மாமா..." என்று தொடங்கினார். மாமா கையைக் காட்டி அமத்திவிட்டார்.

"நான் படத்தத் திருத்தித் தாறன் நானா. மாடி தெரியாம முன்னுக்கு ஒரு தென்ன மரத்த வைக்கிறன்" என்றேன்.

"மறுகா ஆக்கள் வந்து தென்ன மரம் எங்க எண்டு கேப்பாங்க."

நியாயமான பேச்சு. என்னிடம் தென்னை மரமும் இல்லை, கிறிஸ்மஸ் மரம்தான் இருந்தது.

5. திரைக்குள்ளிருந்து

அப்போது உள் அறைத் திரைக்குப் பின்னால் இருந்து சியானா கதைத்தாள்.

"மாமா, அந்தப் படத்த முதல்ல இரிந்து ஒருக்காப் போடுங்க."

மாமா போட்டார். மாப்பிள்ளை பனிக்குள் நடந்தார். வாய் திறந்து சலாம் சொன்னது.

"நிப்பாட்டுங்க. மாப்பிள்ளைட தலையில என்ன தெரியிது?"

"முடி."

"எவ்வளவு முடி?"

மாமா போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். வளவில் நின்ற எல்லாரும் மெதுவாகத் திரும்பி றிஸ்வானைப் பார்த்தார்கள். அந்தத் தொப்பிக்குக் கீழே ஒரு மயிர் இல்லை என்பது சாய்ந்தமருதுக்கும் தெரியும், பொத்துவிலுக்கும் தெரியும்.

"நானும் படத்தப் பாத்தன் மாமா. இந்த முடியத் தாங்க எண்டு உங்கட வாசலில வந்து நிண்டேனா? நீங்க படத்தில உள்ள முடியக் கொண்டாங்க. வாப்பா படத்தில உள்ள மாடியக் கட்டட்டும்."

வேனடியில் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் றிஸ்வான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை வெயிலில் மினுங்க, நிற்க ஏலாமல் சிரித்துக்கொண்டிருந்தார். வேன் படியில் குந்தி, கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அவருடைய உம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்ட புள்ளைக்குக் கண்ணும் இல்ல, மூக்கும் இல்லாமப் போட்டிரிக்கி. அத ஒருத்தரும் கேக்கல்ல. மாடியக் கேட்டு நிக்கிறமே, வெக்கங்கெட்ட கூட்டம்!"

றிஸ்வான் எழும்பி மாமாவுக்கு முன்னால் வந்து நின்றார். "மாமா, முடி முளைக்க வைக்க எனக்கு ஏலா. மாடி எண்டா நான் கட்டுவன். மாமனார்ர கையால வேணாம். கலியாணம் சொன்ன நாளிலேயே நடக்கட்டும்."

பெரிய மாமா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சரி, மாடிய விடு. அந்தப் புகைபோக்கி..."

"வாங்க, தேத்தண்ணி ஆறிப் போகுது" என்று ஹாஜியார் எழும்பினார். சஹன் அடுக்கைப் பிடித்துத்தான் எழும்பினார்.

6. மறுகா நடந்தது

கலியாணம் நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு என்னுடைய எல்லாப் படங்களின் கடைசியிலும் ஓர் அறிவித்தல் போட்டேன். "இதில் வரும் வீடு, மாடி, புகைபோக்கி, பனி, மாப்பிள்ளையின் முடி ஆகியவற்றுக்கு எந்தத் தரப்பும் பொறுப்பல்ல." ஒரு வாப்பா மட்டும் வந்து, தன் மகனுக்கு உள்ளது சொந்த முடிதான், ஆகவே அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன்.

றிஸ்வான் கட்டாருக்குப் போனார். பெருநாளைக்கு வருவார், போவார். பிறகு ஒரு தடவை வந்து ஊரோடேயே நின்றுவிட்டார். கொஞ்ச நாளில் சியானா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

மாடி எழும்பியிருந்தது. கூரை ஓரம் முழுக்க வெள்ளைப் பூச்சு. மேலே, சாய்ந்தமருது வெயிலில், உம்மாணை, ஒரு புகைபோக்கி!

"இது எதுக்கு மனே? கீழ அடுப்பே காஸ் அடுப்பாச்சே."

"படத்தில இரிக்கே மிஸ்" என்றார் றிஸ்வான். "பெரிய மாமா திரும்ப வந்து கேட்டா?"

புகைபோக்கிக்குள் மைனா கூடு கட்டியிருந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அது பறந்து போய்விட்டுத் திரும்பி வந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு, பொழுதுபட்டு மஃரிப் வாங்கு சொல்லும் நேரம் வெளியே வந்தேன். கேட்டடியில் நின்று செருப்பைக் கொளுவும்போது மேல்மாடி ஜன்னலில் லைட் பத்தியது. ஜன்னலில் சியானா நின்றாள்.

"மிஸ், சரியா இரிக்கா?"

ஓம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்த லிப்-சிங்க் வாயை யாராவது எனக்கு ஒட்டிவிட்டிருக்கலாம். அழுகை வந்துவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல உள்ளது இதுதான். அந்த லைட்டைப் போட எனக்கு ஒரு கிளிக் போதும். அதைப் போட அந்த மனிசன் கட்டாரில் எத்தனை வெயில் காய்ந்தாரோ. ஆகவே வீடு கீறும்போது கவனமாகக் கீறுங்கள். யாரோ ஒருத்தர் அதைக் கட்ட வேண்டி வரும்.