நாற்பது ஜன்னல்

பிளேடு அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டால், மெல்லிய பிளைவுட்டைப் பிளேடால் கீறிக் கீறிக் குட்டிக் கட்டடங்கள் செய்வார். பட்டப்பெயர் அப்படி வந்தது. பேச ஆரம்பித்தால் ஆளை விடமாட்டார் என்பது இரண்டாவது காரணம். அதை அவர் இல்லாத நேரத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நூலகத்தின் பின்னறையில் மாடல் செய்கிறவர்கள் பதினைந்து பேர் கூடுவார்கள். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். வேலை சுத்தம், நாக்குதான் கொஞ்சம் நீளம். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண் ஒருவர், தான் வேலை பார்க்கிற பழைய கட்டடத்தையே மாடலாகச் செய்து எடுத்து வந்தார். சிஎன்சி மெஷினில் வெட்டியது என்று மறைக்காமல் சொன்னார். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் கோடு பிசகாமல் மரத்தை வெட்டித் தருகிற மெஷின் அது. எல்லோரும் கைதட்டினார்கள். பிளேடு அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாருக்குக் கை தட்டுறீங்க? அவங்களுக்கா, மெஷினுக்கா? அடுத்த தடவை மெஷினையே தூக்கிட்டு வரச் சொல்லுங்க, பாராட்டிடுவோம்" என்றார்.

அறையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரிக்கப் பார்த்தார். மாடலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. அண்ணன் அதோடு விட்டாரா? வருடாந்தரக் கண்காட்சியில் மாடல் வைக்கிறவர்கள், 'இது என் கையால் செய்தது' என்று அச்சிட்ட அட்டையில் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதியையும் கொண்டுவந்தார்.

அந்த விதியை எழுதிய வலது கையின் கட்டைவிரல்தான் முதலில் மக்கர் பண்ணியது. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். பிளேடை அழுத்திப் பிடித்தால் மணிக்கட்டு வரை சுரீர் என்று வலி ஏறியது. இந்த வருடம் மூன்று மாடி ரயில் நிலையம் வைக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஜன்னல் மட்டும் நாற்பது. இரண்டு வெட்டுவதற்குள் விரல் வீங்கிவிட்டது. முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

மெஷின் வாங்குவதென்று முடிவு செய்தார். எதை வாங்குவது? இன்டர்நெட்டில் ஒருவன் சின்னதே போதும் என்கிறான், இன்னொருவன் அது வெறும் பொம்மை என்கிறான். தலை கிறுகிறுத்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குத் தெரிந்து ஒரே ஆள்தான் இருந்தார். மூன்று நாள் யோசித்து, நான்காம் நாள் மதியம் எக்ஸ்ரே அறை வாசலில் நோயாளிகளோடு நோயாளியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் வெளியே வந்து பார்த்தார். "என்னண்ணா, எங்கயாவது விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா. என் மச்சினன் பையனுக்கு ஒரு சிஎன்சி வேணுமாம். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அதான் உங்களைக் கேக்கலாம்னு..."

சொல்லும்போதே காது சூடாயிற்று. மச்சினனுக்கு இரண்டும் பெண்கள்.

அந்தப் பெண் பழையதைப் பற்றி மூச்சுவிடவில்லை. "மொதல்ல என்ன வெட்டப் போறான்னு சொல்லுங்க. மெஷினை அப்புறம் பாக்கலாம்" என்றார்.

"மெல்லிசு பிளைவுட்தான், ரெண்டு மில்லி. பெரிய துண்டுன்னா ஒரு சாண் வரும்."

"அப்ப எதுக்குப் பெரிய மெஷின்? கம்மி விலையில பெருசா எடுத்தா சட்டம் ஆடும். சின்னதா, அலுமினியத்துல பாருங்க. கடையில குறுக்குச் சட்டத்தைப் பிடிச்சு ஆட்டிப் பாக்கணும். கையில தெரியற ஆட்டம் மரத்துலயும் தெரியும். சட்டுனு நிறுத்த சிவப்பு பட்டன் இருக்கணும். வெட்டுற முனை நிறைய உடையும், பத்துப் பன்னெண்டு சேர்த்தே வாங்கிடுங்க. தூசி பொல்லாதது, மூக்கை மூடிக்கச் சொல்லுங்க."

எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார். "சந்தேகம் வந்தா அவனையே போன் பண்ணச் சொல்லுங்கண்ணா" என்று நம்பரையும் போட்டார். அந்த நல்ல மனசுதான் அவரைக் குத்தியது. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. "சரிம்மா, சொல்றேன்" என்று மென்று விழுங்கிவிட்டுப் படியிறங்கினார்.

மெஷின் வந்தது. மனைவி அட்டைப்பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "சத்தம் போடுமா?"

"கொஞ்சம்."

"இந்த வீட்டுல அதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றாள். ஆனாலும் துணி துவைக்கிற இடத்தை ஒதுக்கிக் கொடுத்தாள். "யாராவது வந்து கேட்டா என்னன்னு சொல்றது?"

"தையல் மெஷின்னு சொல்லு."

"ஏங்க, திருட்டுச் சாமானா?"

அவர் குனிந்து அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தார்.

முதலில் வெட்டிய ஜன்னல் அப்பழுக்கில்லாமல் வந்தது. அதுதான் வம்பு. கையால் வெட்டினால் எங்காவது ஒரு பிசகு இருக்கும். கண்காட்சிக்கு வருகிறவர்களோ பூதக்கண்ணாடியோடு வருகிறவர்கள். அண்ணன் மூளையைக் கசக்கினார். கம்ப்யூட்டரில் ஜன்னலின் இடது கீழ் மூலையை மயிரிழை சாய்த்தார். நடுக்கம்பியை ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பாக்கினார். பிளேடு வழுக்கியது போலவே இருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு, அதை அப்படியே நாற்பது வெட்டவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிக்கொண்டே போனதில், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

கண்காட்சியில் ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரே கூட்டம். "இந்த வயசுலயும் கையைப் பாருங்களேன்" என்றார்கள். மருந்துக்கடை வைத்திருக்கிற செயலாளர் அட்டையை மேஜையில் வைத்துப் பேனாவை நீட்டினார். அப்போதுதான் அண்ணன் கூட்டத்துக்குள் எக்ஸ்ரே பெண்ணைக் கண்டார். அவர் குனிந்து, முதல் மாடி ஜன்னல்களை வரிசையாகப் பார்த்தார். பிறகு இரண்டாம் மாடி. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணனும் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தார். எல்லா ஜன்னலிலும் அதே மூலை, அதே சாய்வு. ஒரே இடத்தில் நாற்பது தடவை எந்த மனிதனுடைய கை வழுக்கும்?

"மச்சினன் பையன் நல்லாப் பழகிட்டான் போல" என்றார் அந்தப் பெண், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வேறு யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் பிளேடு அண்ணனைப் பார்த்துக் கேட்க யாருக்குத் துணிச்சல்? பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பேனாவைப் பிடித்தார். கட்டைவிரல் வலித்தது. அட்டையில் இருந்தது அவரே எழுதிக் கொடுத்த வாசகம். உடம்பெல்லாம் கூசிப்போய்ப் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஜன்னல் நான் வெட்டல. மெஷின் வெட்டுச்சு. என் கை முடியல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வேணும்னே கோணலாக்கி வெட்டினேன்."

செயலாளர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "எந்த மெஷின் அண்ணா? சட்டம் ஆடுதா?"

"ஆடல."

"என்னோடது ஆடுது. வாங்கி ஒரு வருஷத்துக்கு மேலாச்சு, கட்டிலுக்கு அடியில கிடக்கு. போன வருஷம் இதே அட்டையில நானும் கையெழுத்துப் போட்டேன்."

பின்னால் இன்னும் இரண்டு பேர் தொண்டையைக் கனைத்தார்கள். "உங்க வாய்க்குப் பயந்துதான் அண்ணா" என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே. கூட்டம் இறுக்கம் தளர்ந்து மெஷின்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. அண்ணனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் வாய் இத்தனை பேரைப் பொய் சொல்ல வைத்திருக்கிறதே என்று கூனிக் குறுகி நின்றார்.

எக்ஸ்ரே பெண் வாசலை நெருங்கியிருந்தார். அண்ணன் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, அன்னிக்கு நான் பேசினது தப்பு. ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும். அந்த ஆஸ்பத்திரி மாடலை எடுத்துட்டு வாங்கம்மா. என்னோடதை எடுத்துட்டு அந்த இடத்துல வைக்கிறேன்."

"விடுங்கண்ணா. அது இப்ப இல்ல."

"யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

அவர் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"அன்னிக்கே பஸ் ஸ்டாப் குப்பைத் தொட்டியில போட்டுட்டேன். பஸ்ல அதை மடியில வச்சுட்டுப் போக வெக்கமா இருந்துச்சு."